ஏரி தெளியும் வரைக்கும்

கல்யாணமாகி ஏற்காட்டு மலைக்கு வந்த புதிதில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது அந்த எஸ்டேட் ஏரிதான். நான் ஓமலூர்ப் பக்கத்துக் கீழ்நாட்டுக்காரி. எங்கள் ஊர் ஏரிக்கு ஐப்பசியில் தண்ணீர் வரும், மாசியில் குட்டையாகச் சுருங்கும், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பிள்ளைகள் அதில் கிட்டிப்புள் ஆடுவார்கள். ஏரி என்றால் அப்படித்தான் என்று நம்பி வளர்ந்தவளை ஜீப்பில் ஏற்றி, அடிவாரத்திலிருந்து குடல் புரளச் சுற்றிக் கூட்டி வந்து, மஞ்சக்குட்டைக்கு மேலே இறக்கி, சித்திரை வெயிலிலும் தளும்பிக்கொண்டிருந்த ஒரு தண்ணீரைக் காட்டி இதுதான் ஏரி என்றார்கள். வற்றவே வற்றாதாம். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிற ஆளைப் பார்ப்பதுபோல அதை முறைத்துப் பார்த்தேன். அது எழுபதுகளின் கடைசி.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஓர் ஊற்றோடையை மறித்துக் கட்டிய ஏரி அது. மூன்று பக்கமும் காப்பிச் சரிவு, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். நான்காவது பக்கம் கரையும் மதகும். ஏரிக்கு நேர் மேலே பழம் உரிக்கிற பல்பர் கொட்டகை. கார்த்திகையில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்தால் மாசி வரைக்கும் அந்தக் கொட்டகை ஓயாது. உரித்த தோலும், கொட்டையைக் கழுவிய கொழகொழப்புத் தண்ணீரும் வாய்க்கால் வழியாக நேரே ஏரிக்குள் இறங்கும். அது போதாதென்று மாட்டுக் கொட்டகைச் சாணித் தண்ணீர், மழைக்குச் சரிவிலிருந்து கரைந்து வரும் உரம், ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

இத்தனையும் வாங்கிக்கொண்டு அந்த ஏரி கண்ணாடி மாதிரி இருந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. பறிப்புக் காலத்தில் வாய்க்கால் வாயில் செக்கச்செவேலென்று நுரை கட்டி நிற்கும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். பங்குனியில் போய்ப் பார்த்தால் துறையின் கடைசிப் படிக்கல் வரைக்கும் தெரியும். கல்லுக்கு அப்பால் கருப்பாக, வழவழவென்று சேறு படுத்திருக்கும். அதன் மேல் கெண்டைக் குஞ்சுகளின் நிழல் ஓடும். இவ்வளவு அழுக்கும் எங்கே போயிற்று என்று என் மாமியாரைக் கேட்டேன். ஏரி எல்லாவற்றையும் தின்று செரித்துவிடும் என்றார், சாதாரணமாக. லைனில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது. எதைப் போட்டாலும் தின்றுவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கிற ஒன்றின் பக்கத்தில் குடியிருக்கிறோமே என்று தோன்றியது. அதற்குப் பிறகு அதை முறைப்பதை நிறுத்திவிட்டேன்.

என் மாமனார் அந்த எஸ்டேட்டில் மேஸ்திரி. அவருடைய பாட்டன் காலத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறி வந்த குடும்பம். மேஸ்திரி என்றால் அதட்டல் பேர்வழியாக இருப்பார் என்று நினைத்து வந்தேன். அவரோ ஆட்களிடம் கெஞ்சி வேலை வாங்குகிற மனிதர். கை சும்மா இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையிலும் எதையாவது பிரித்துப் போட்டுக் கட்டிக்கொண்டிருப்பார். பிரித்ததில் பாதி திரும்பச் சேராது. மாமியார் அந்த மிச்ச சொச்சத்தை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்.

நான் கருவுற்றிருந்த அந்த வருசக் கோடையோடு மாமனாருக்கு வயசாகி வேலை முடிகிறது. எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவராவது அங்கே வேலையில் இருந்தால்தான் லைன் வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். என் வீட்டுக்காரர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டினார். அது எஸ்டேட் வேலை ஆகாது. மாமியாருக்கு மூட்டு வலி, எப்போதோ நின்றுவிட்டார். என்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு இப்போதைக்குப் புது ஆள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வீடு இல்லை. ஓட்டுக் கூரை போட்ட ரெண்டே அறைதான், ஆனாலும் மாமனார் பிறந்தது அதில், என் வீட்டுக்காரர் பிறந்தது அதில். அதை விட்டுப் போவதை மாமியார் நினைக்கவே மாட்டார். யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பை ஊதுவார், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும்.

மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஏரி மேடாகிப்போனதால் பங்களாவுக்குத் தண்ணீர் இழுக்கிற பம்பில் சேறு ஏறுகிறதென்று மானேஜர் துரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் வெள்ளைக்காரர் இல்லை, மதுரைப் பக்கத்துத் தமிழர்தான். ஆனாலும் எஸ்டேட்டில் மானேஜர் என்றால் துரைதான். வேலை முடிவதற்குள் ஏரியைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டால், அந்தச் சந்தோசத்தில் வீட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது மாமனார் போட்ட கணக்கு. தன் பாட்டன் ஊரில் வருசா வருசம் கோடையில் ஏரி கலக்குவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். கலக்கி, மதகைத் திறந்தால் சேறெல்லாம் போய்விடும், மீனும் அகப்படும் என்று துரையிடம் எடுத்துச் சொன்னார். துரையும் சரி, செய் என்றுவிட்டார்.

அந்த வருசம் மழை குறைச்சல். பங்குனி முடிகிற சமயம் ஏரி ஆள் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. மலையில் அப்படியொரு நாளை அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை. லைனில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மூங்கில் கழிகளில் முள் செத்தையைக் கட்டி, கல்லை வைத்துப் பாரமேற்றி, எருமைகளை விட்டு ஏரிக்குள் இழுக்கச் செய்தார்கள். ஆம்பிளைகள் வரிசையாக நின்று மிதித்தார்கள். பெண்கள் கூடையோடு ஓரத்தில் மீனுக்கு நின்றார்கள். மதகு திறந்தே இருந்தது. மாமனார் கரை மேல் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக, அதட்டினார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். அடியிலிருந்து சேறு கிளம்பியதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மழைமேகம் தண்ணீருக்குள்ளேயே உண்டாகித் திரண்டு வருவதுபோல வந்தது. கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெடித்தது. அழுகின முட்டை நாற்றம். அந்த நாற்றத்துக்குள்ளே, புளித்துப்போன காப்பிப் பழத் தோலின் வாடையும் இருந்தது. அது பறிப்புக் காலமே இல்லை. போன வருசத்தது, அதற்கு முந்தினது, யாருக்கும் நினைவில்லாத வருசத்தது, எல்லாப் பறிப்பும் சேர்ந்து எழுந்து வருகிறதென்று எனக்குப் பட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் விரால் மீனைப் பிடிக்கிற அவசரத்தில் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் மதகை அடைத்தார்கள். கலங்கின தண்ணீர் கொஞ்சம் போயிருந்தது. கிளம்பிய சேற்றில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை, திரும்ப அங்கேயே அடங்கிற்று. ஒரு வாரத்தில் ஏரி தெளிந்தது. துரை வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டு விசயம் பார்க்கலாம் மேஸ்திரி என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமனார் ஓடிவந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே படுத்திருந்த என்னையும் சேர்த்து வெள்ளையடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

சுவர் காய்வதற்குள் ஏரி நிறம் மாறியது. முதலில் தண்ணீரில் இளம்பச்சையாக ஒரு மினுக்கம். சித்திரை வெயில் ஏற ஏற அது தடித்தது. பிறகு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தாற்போல் கரைக்குக் கரை ஒரே பச்சை. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல் தெரியாது. ஒருநாள் விடியும்போது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மறுநாள் அவை வெள்ளை வயிற்றைக் காட்டி ஓரமெல்லாம் ஒதுங்கிவிட்டன. அதே சமயத்தில் மதகுக்குக் கீழே, கலக்கின தண்ணீர் பாய்ந்த ஒரு மலைக் குடியானவரின் தோட்டத்தில் வாழை எல்லாம் யானைக் காது மாதிரி இலை விட்டிருந்தது. அவர் மாமனாருக்கு ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். அந்த நேரத்தில் அந்தப் பழத்தை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை.

துரை குளிக்கப்போய்ப் பச்சையாகத் திரும்பி வந்தாராம். பங்களாவில் வேலை செய்த பெண் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வெள்ளைச் சட்டை, வேட்டி, குழாய், தொட்டி எல்லாம் பச்சை. நாங்கள் சிரிக்கவில்லை. துரை மாமனாரை ஏரிக்கரைக்கு வரச்சொன்னார். கணக்கெழுதுகிற ரைட்டரும் நாலு ஆட்களும் கூட நின்றார்கள். நான் துறையில் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். துரை கத்தவில்லை.

"கலக்கினது நீதானே மேஸ்திரி? நீயே இருந்து தெளிய வை. தெளிஞ்ச அன்னைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போ" என்றார்.

ரைட்டரிடம் திரும்பி, அதுவரைக்கும் வீடு இவருக்குத்தான், ஏரிக் காவல் இவர் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். மழை பெய்தால் ரெண்டு மாதத்தில் தெளிந்துவிடும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாமியார் அன்றைக்கே பாத்திரங்களைக் கட்டி அடுக்கத் தொடங்கினார்.

மாமனார் ரெண்டு நாள் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நான் கொண்டுபோய்க் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"ஏன் கண்ணு, உங்கூருல ஏரி கலக்குறப்ப இப்படித்தான் ஆகுமா?"

"எங்கூருல ஏரியக் கலக்குறதில்லீங்க மாமா. அது தன்னால காஞ்சு வெடிச்சுப்போகும். அப்புறந்தான் மண்ண வெட்டி வண்டியில ஏத்துவாங்க. கலக்குறதெல்லாம் கடைசியா நிக்குற குட்டையில, மீன் புடிக்கங்க."

அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். பாட்டன் சொல்லியிருப்பார், கோடையில் ஏரி கலக்குவோம் என்று. கேட்ட பிள்ளைகள் மலையில் பிறந்தவர்கள். ஏரி முதலில் காயும் என்பதை அந்தப் பெரியவர் சொல்லவே இல்லை. கீழ்நாட்டில் அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, சூரியன் பார்த்துக்கொள்ளும். வற்றாத ஏரிக்கு அந்த வழக்கத்தில் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்கு ரெண்டும் வரவில்லை. மெதுவாக, "காயணுமா" என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கோடை விடுமுறைக்குத் துரையின் அக்கா பங்களாவுக்கு வந்திருந்தார். கீழே ஒரு காலேஜில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர். ஏரி பச்சையாகிவிட்டதென்று எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போது அந்த டீச்சரம்மா மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையாக இருக்கிறது எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பாசி, உயிருள்ளது, கோடிக்கணக்கில் என்றார். இதற்கு இவ்வளவு சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. சொல்லமாட்டேன், காட்டுகிறேன் என்றார்.

ரெண்டு கண்ணாடி பாட்டிலில் ஒரே இடத்துச் சேற்றை அடியில் போட்டு, மேலே சுனைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, ரெண்டிலும் ஏரித் தண்ணீர் ஒவ்வொரு கரண்டி விட்டார். எங்கள் வீட்டு ஜன்னலில் வெயில் படுகிற மாதிரி வைத்தார். ஒன்றைத் தொடவே கூடாது. இன்னொன்றை நான் ஈர்க்குச்சியால் அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. சமைக்கிற இடத்தில் சேறு எதற்கு என்று தினமும் ஒரு பாட்டு. நானும் முதலில் விளையாட்டாகத்தான் செய்தேன். பத்து நாள் போல ஆயிற்று. ஒருநாள் காலையில் அடுப்பு மூட்டிவிட்டுத் திரும்பினால், நான் கலக்கி வந்த பாட்டில் பச்சையாக நிற்கிறது. தொடாத பாட்டிலில் வெயில் நேரே ஊடுருவிப் போய் எதிர்ச் சுவரில் விழுகிறது. அதே சேறு, அதே தண்ணீர், அதே வெயில். ஒரு ஈர்க்குச்சிதான் வித்தியாசம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றேன்.

டீச்சரம்மா அப்புறம் விளக்கினார். காப்பித் தோல், சாணி, உரம் இவற்றிலுள்ள சத்தெல்லாம் ஏரியின் அடிக்குப் போய்ச் சேற்றில் தங்கிவிடுகிறது. சூப்பர் பாஸ்பேட் என்று மூட்டையில் வருகிறதே, அதிலுள்ள பாஸ்பரஸ்தான் பாசிக்கு முக்கியமான தீனி. இந்த மலையின் செம்மண்ணில் இருக்கிற இரும்பு அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். சேறு அசையாமல் படுத்திருந்தால் மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும். கலக்கினால் உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும், பாசி தின்று பெருகும். பாசி செத்து அடியில் விழுந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள காற்றைத் தின்றுவிடும். மீன் செத்தது அதனால்தான். அடியில் காற்று போனால் இரும்பின் பிடியும் தளரும். பிறகு யாரும் கலக்காமலேயே சத்து மேலே வந்துகொண்டிருக்கும், மறு வருசமும் பாசி வரும். ஒரு தடவை எழுப்பினதைத் திரும்பத் தூங்க வைப்பது லேசில்லை என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஏரி எதையும் தின்னவில்லை. ஒரு துளியைக்கூடச் செரிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ பறித்த பழத்தின் தோல், என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன மாட்டின் சாணி, எல்லாவற்றையும் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டு இத்தனை காலம் பேசாமல் இருந்திருக்கிறது. அதன் முன்னால் கும்பிடு போட வேண்டும்போல இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படித் தோன்றினதில்லை.

பிறகு, எனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, எப்பங்க தெளியும்?"

"சொல்ல முடியாதும்மா. வருசக்கணக்கா ஆகலாம்" என்றார் அவர்.

நான் ஓடினேன். நிறைமாதத்தில் அப்படி ஓடக்கூடாதென்று மாமியார் வைதுகொண்டே எதிரில் வந்தார். விசயத்தைச் சொன்னதும் வைவதை நிறுத்திவிட்டு, அடுக்கி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கினார். என் மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரெண்டு கட்சி. மாமியாரும் என் வீட்டுக்காரரும் நானும் பச்சைக் கட்சி. ஒவ்வொரு கோடையிலும் மாமியார் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்புவார். இந்த வருசமும் பச்சைதான் என்பார், வீட்டில் நெல் வந்து இறங்கிய மாதிரி. மாமனார் தனிக் கட்சி. ஏரியைத் தெளிய வைக்கச் சொல்லிவிட்டார்கள், அவர் தெளிய வைத்தே தீருவார். அதில் வீடு போகுமே என்று யாராவது சொன்னால், வேலை வேற, ஊடு வேற என்பார். எனக்கு அப்போது வரும் கோபத்துக்கு அளவே இல்லை. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டே அவளுடைய வீட்டைக் கலைக்க வேலை செய்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செய்த வேலையில் கஷ்டமானது எதுவென்றால், சும்மா இருந்ததுதான். கை பரபரக்கிற மனிதருக்கு டீச்சரம்மா சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: ஏரியைத் தொடாதீர்கள். தொடவில்லை. கரையில் குச்சியோடு உட்கார்ந்து, எருமையை விரட்டினார், கல்லெறிகிற பிள்ளைகளை விரட்டினார், மீனுக்கு இறங்குகிறவனை விரட்டினார். பல்பர் தண்ணீர் வருகிற வரைக்கும் ஏரிக்கு மீட்சியில்லை என்று துரையிடம் வாதாடி, வாய்க்காலைத் திருப்பிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் பெரிய குழிகள் வெட்ட வைத்தார். தோலெல்லாம் அதில் மக்கி எருவாகிக் காப்பிச் செடிக்கே போயிற்று. வாய்க்கால் வாயோரம் தண்ணீர் தானாக இறங்கிக் காய்ந்து வெடித்த வண்டலை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னார். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, காஞ்சிருச்சா கண்ணு என்று கேட்டுக்கொள்வார். கீழ்நாட்டுக்காரி என்கிற மரியாதை எனக்கு அந்த வீட்டில் கிடைத்தது அந்த ஒரு விசயத்தில்தான்.

ஒரு கோடையில் பச்சை வழக்கத்தைவிட மெலிசாக இருந்தது. மாமியார் மிரண்டுபோனார். மகளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். மறுநாள் மத்தியானம் மாமனார் சாப்பிட வந்த சமயம் பார்த்து, மாமியார் மூட்டு வலியோடு விந்தி விந்திப் போய், பக்கத்து வீட்டு எருமைகளை அவிழ்த்து ஏரிக்குள் ஓட்டிவிட்டார். அவை சுகமாகப் புரண்டன. சேறு புகைந்துகொண்டு மேலே வந்தது. மாமனார் சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். திட்டவில்லை. தண்ணீருக்குள்ளும் இறங்கவில்லை, இறங்கினால் இன்னும் கலங்கும். கரையில் நின்றபடியே எருமைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கெஞ்சிக் கூப்பிட்டு வெளியே வரவழைத்தார். பிறகு மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரெண்டு பேரும் கலங்கின தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள். மாமியார் அழுதார். அவர் முந்தானையை எடுத்து மாமனாரே கண்ணைத் துடைத்துவிட்டார். அன்றைக்கு என் கோபம் யார் மேலும் இல்லாமல் போயிற்று. அந்தக் கோடை முழுக்க ஏரி நல்ல பச்சையாக இருந்தது.

இப்படியே வருசங்கள் போயின. பழைய துரை மாற்றலாகிப் போனார். ரைட்டரும் ஓய்வு பெற்றார். புதுத் துரைக்கு ஏரிக் காவலுக்கு ஒரு கிழவர் இருக்கிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெளிந்த அன்னைக்குப் போ என்று சொன்னவரும் இல்லை, கேட்டவர்களில் எங்கள் வீட்டாரைத் தவிர எஸ்டேட்டில் யாரும் இல்லை. இனி நம்மை அசைக்க ஆளில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மாமனார் குச்சியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

அவருக்குக் கண்புரை விழுந்துவிட்டது. சேலத்துக்குப் போய் ஆபரேசன் பண்ணிக்கொள்ளச் சொன்னோம். ஏரி தெளியட்டும் என்றார். காலையில் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் துறையில் உட்கார வைப்பேன். காதாலேயே காவல் காத்தார். எருமை தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அவருக்குத் தெரியும். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, தெளிஞ்சிருச்சா கண்ணு என்பார். இல்லீங்க மாமா என்பேன். உண்மையைத்தான் சொல்லிவந்தேன். அப்படிச் சொல்லும்போது என் குரலில் இருந்த நிம்மதி அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

என் மகள் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் பெரிய வகுப்புப் படிக்கத் தொடங்கின வருசம் அது. சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம். வெயில் சுள்ளென்று அடித்தது. பாசி தடித்து நிற்க வேண்டிய நாள். மாமனாரைக் கூட்டிக்கொண்டு துறையில் இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தண்ணீரே இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. கடைசிப் படிக்கல் தெரிந்தது. அதற்கும் அப்பால் ஏரியின் அடி நீண்டு கிடந்தது. மழை கொண்டுவந்த செம்மண் ஒரு மெல்லிய போர்வையாக அந்தக் கருப்புச் சேற்றை மூடியிருந்தது. அதற்குள் பாதி புதைந்து ஒரு மூங்கில் கழி. முள் செத்தை கட்டின கயிற்றின் தடம்கூட அதில் இருந்தது. நான் வயிற்றில் பிள்ளையோடு கரையில் உட்கார்ந்து பார்த்த அதே கழி. கீழே யார் யாருடைய காலத்துச் சாணியும் தோலும் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேலே ஒரு கெண்டை தன் நிழலோடு போகிறது. என் மூச்சுக்குக்கூட அது கலங்கிவிடுமோ என்று பயந்தேன். எத்தனையோ வருசமாக நான் வரக்கூடாதென்று வேண்டிக்கொண்ட ஒன்று, வந்து நிற்கும்போது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமனார் உட்கார்ந்து, குச்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"தெளிஞ்சிருச்சா கண்ணு?"

வீடு கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஓட்டின் மேல் மாமியார் காயப்போட்ட வத்தல். கொடியில் மகளின் பாவாடை. அவருக்குக் கண் தெரியாது. புதுத் துரைக்கு விசயமே தெரியாது. எப்போதும் சொல்கிற வார்த்தையையே நான் சொன்னால் போதும், வீடு நிற்கும்.

"தெளிஞ்சிருச்சுங்க மாமா" என்றேன். "அடி வரைக்கும் தெரியுதுங்க."

அவர் முன்னால் குனிந்து கையை நீட்டினார். தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிட்டது. தொடவில்லை. ஈரக் காற்று உள்ளங்கையில் படுகிற மாதிரி அப்படியே வைத்திருந்தார்.

"சேறு?"

"அப்படியே படுத்திருக்குதுங்க."

அவர் சிரித்தார். பல் இல்லாத வாயில் அவ்வளவு சந்தோசத்தை நான் பார்த்ததில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், நனையாத கையை. என் தோளைத் தேடிப் பிடித்து எழுந்து நின்றார்.

"வா கண்ணு. தொரைகிட்டச் சொல்லிப்போட்டு வந்துரலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டேதான் நடந்தார். பங்களாவுக்குப் போகிற பாதை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. மாமியார் வெளியே வந்து எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார். உள்ளே போய், அடுப்பை ஊத ஆரம்பித்தார்.